கம்பு நுனியில் கோதுமை மாவு

வாடா பேராண்டி, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். லெபோ பசார் பூரா மல்லிகை வாசமும் பாட்டுச் சத்தமுமா இருக்கு, உன் மூஞ்சி மட்டும் ஏன் தூக்கங்கெட்ட கோழி மாதிரி இருக்கு? தே தாரேக் சொல்லட்டா? வேணாமா? ரொட்டி சானாய்? அதுவும் வேணாமா? ஓ, எடை குறைக்கிறியா. அடுத்த மாசம் எம்எம்ஏ கூண்டுல எறங்கணும், 70 கிலோவுக்குள்ள வரணும். உன் பாட்டி கேட்டா அழுவா. உன் உடம்புல ஒரு கிலோ ஏத்த அவ இருபது வருஷம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

நேத்து நம்ம சிலம்ப வாத்தியாரைப் பாத்து என்னமோ சொன்னியாமே? பள்ளிக்கூட பேண்டுல முன்னால போறவன் கோல் சுத்தற மாதிரிதான் நீங்க கம்பு சுத்தறீங்க, நெஜச் சண்டையில அரை நிமிஷம் தாங்காதுன்னு. மனுஷன் காலையில எங்கிட்ட வந்து பொலம்பிட்டுப் போறார். இப்ப குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கார், வந்துருவார். அதுக்குள்ள உங்கிட்ட பேச வேண்டியதைப் பேசிடறேன். அவர்கிட்ட பேச வேண்டியது தனியா இருக்கு.

நீ சொன்னதுல பெரிய தப்பில்லடா. சொன்ன இடந்தான் தப்பு. அவருகிட்ட கத்துக்கற புள்ளைங்க வரிசையா நிக்கிறப்பவா சொல்றது? பல்லு ஆடுதுன்னா தனியா கூப்பிட்டுச் சொல்லணும். கல்யாணப் பந்தியில சொல்லக்கூடாது.

உனக்குச் சாட்சி நானே சொல்றேன், கேட்டுக்க. 2017 ஏப்ரல்ல சீனாவுல செங்டு ஊர்ல சூ சியாவ்டாங்னு ஒரு எம்எம்ஏ ஆளு, வேய் லேய்னு ஒரு தாய் சி குருவோட மோதினான். குரு கையை ரெண்டையும் அழகா முன்னால நீட்டி, காத்தைத் தடவுற மாதிரி நின்னார். அரை நிமிஷங்கூட ஆகல, தரையில கெடந்தார். நம்ம எதுத்த கடைச் சீனத் தாத்தா அந்த வீடியோவைப் பாத்துட்டு ரெண்டு நாள் கடையைத் தொறக்கல. அவரும் தினம் காலையில பாடாங் கோத்தாவுல அதையேதான் ஆடிட்டிருந்தார். இப்பவும் ஆடறார், என்ன, யாராவது எளவட்டம் பக்கத்துல வந்தா கையைப் பின்னால கட்டிக்கிறார்.

அதனால நீ வச்ச கேள்வி சரி. ஆனா உன் கூண்டுதான் சத்தியத்தைக் காட்டற கண்ணாடின்னு நீ நெனைக்கிறே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

அந்தக் கூண்டு எப்படிப் பொறந்துச்சு தெரியுமா? 1993 நவம்பர் 12, அமெரிக்காவுல டென்வர் ஊரு. அதான் மொதல் யூஎஃப்சி. எடைப் பிரிவு கிடையாது, ரவுண்டுல நடுவர் மார்க் போடறது கிடையாது. மொதல் சண்டையிலேயே ஒரு சுமோக்காரன் கீழ விழ, எதிராளி மூஞ்சியில உதைச்ச உதையில பல்லு பறந்துச்சு. ஒரு குத்துச்சண்டைக்காரன் ஒரு கையில மட்டும் கிளவுஸ் மாட்டிட்டு வந்து நின்னான். ஒரு கால்ல செருப்பு போட்டுட்டுப் பந்திக்கு வந்த மாதிரி. கடைசியில ஜெயிச்சது யாரு? வெள்ளை அங்கி போட்ட ஒல்லிப் பையன், ஹாய்ஸ் கிரேசி. ஒரே ராத்திரி மூணு பேரை மடக்கினான். அவன் வித்தை என்ன புதுசா? மாயேதான்னு ஒரு ஜப்பான் ஜூடோக்காரர் பிரேசிலுக்குப் போய் விதைச்ச விதை. அவர்கிட்ட கத்தது கார்லோஸ் கிரேசி. வீட்டுக்குள்ளயே ஊட்டி வளத்த பரம்பரை வித்தைடா அது. பரம்பரை பரம்பரைன்னு வாத்தியாரைக் கேலி பண்றியே, உன் கூண்டுக்குக் கொடியேத்தினதே ஒரு குடும்பச் சொத்துதான்.

அப்புறம் ஜான் மெக்கெய்ன்னு ஒரு செனட்டர் இதை மனுஷச் சேவல்சண்டைன்னு சொல்லித் தடை கேட்டார். சேவக்கட்டு பாத்து வளந்த எனக்கு அது வசவாத் தெரியல, ஆனா அமெரிக்காக்காரனுக்கு ரோசம் வந்துருச்சு. பிழைக்கணும்னா சட்டம் வேணும்னு உக்காந்து சட்டம் எழுதினாங்க. கடிக்கக் கூடாது. கண்ணுல குத்தக் கூடாது. முடியைப் புடிச்சு இழுக்கக் கூடாது. தலையால முட்டக் கூடாது. ஒத்தை விரலைப் புடிச்சு முறுக்கக் கூடாது. ஏன்டா, தோட்டத்துக் குழாயடியில உன் பாட்டி ஜெயிச்ச சண்டையெல்லாம் இந்த அஞ்சுலதானடா! அவளைக் கூண்டுல விட்டா மொதல் நிமிஷத்துலயே தகுதிநீக்கம்.

நெஜச் சண்டை நெஜச் சண்டைங்கிறியே, நெஜச் சண்டை இந்த ஜார்ஜ் டவுன்லயே நடந்திருக்கு. 1867 ஆகஸ்ட். ரெண்டு சீன ரகசியச் சங்கம், கீ ஹின் கூட்டம் ஒரு பக்கம், தோ பே கோங் கூட்டம் ஒரு பக்கம். சீனங்க மட்டும்னு நெனைக்காதே, வெள்ளைக் கொடி, செவப்புக் கொடின்னு மலாய்க்காரங்களும் நம்ம தமிழ் முஸ்லிம்களும் ரெண்டு பக்கமும் சேந்துக்கிட்டாங்க. பத்து நாள் போல இந்தத் தெருவெல்லாம் எரிஞ்சுச்சு. ஆர்மேனியன் தெருவுக்குப் பக்கத்துல இருக்கே கேனன் ஸ்ட்ரீட், அந்தப் பேரே அப்ப வெடிச்ச பீரங்கியால வந்ததும்பாங்க. அங்க அஞ்சு நிமிஷ ரவுண்டு கிடையாது, தண்ணி கொடுக்கற ஆளு கிடையாது. எவன் எந்த வித்தையில கெட்டிக்காரன்னு யாரும் எழுதி வைக்கல. நெஜச் சண்டையில வித்தைக்கு அவ்வளவுதான் மரியாதை. அதனால நீயும் வாத்தியாரும் ரெண்டு பேருமே வெளையாடறீங்க. வெளையாட்டுன்னு ஒத்துக்கறதுக்கு ரெண்டு பேருக்கும் வெக்கம்.

நம்ம அகிலன் தானி கதையை எடுத்துக்க. செந்தூல் பையன், சின்ன வயசுல குண்டுன்னு கேலி கேட்டு வளந்தவன். எறங்கின சண்டை ஏழும் ஜெயிச்சுட்டு, 2017 மே 26 சிங்கப்பூர்ல ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்கு பென் அஸ்க்ரெனோட மோதினான். அன்னைக்கு இதே கடையில டிவி முன்னால நின்னவன் தொண்டையெல்லாம் கட்டிப் போச்சு. மொதல் ரவுண்டுலயே கையையும் கழுத்தையும் சேத்துப் பூட்டிட்டான் அந்த அமெரிக்கன். பையனுக்கு அப்ப வயசு 21தான். சரி, அந்த அஸ்க்ரென் யாரு? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல எறங்கின மல்யுத்தக்காரன். மல்யுத்தம்டா! மாமல்லன்னு ராஜாவே பட்டப்பேரு வச்சுக்கிட்டு, அந்தப் பேர்ல மாமல்லபுரம்னு ஒரு ஊரே நிக்கிதே, அந்த ஆதிகாலத்து வித்தை. புதுக் கூண்டுக்குள்ள நம்ம பையனைச் சாய்ச்சது பழைய மல்லுதான்.

கதை அதோட முடியல. 2019 ஜூலையில அதே அஸ்க்ரென் மாஸ்விடால்னு ஒருத்தன் முன்னால போய் நின்னான். மணி அடிச்சுது, மாஸ்விடால் ஓடிவந்து பறந்து முழங்காலால ஒரு இடி. அஞ்சு விநாடி. நான் கிளாஸைக் கீழ வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சுது. 2021 ஏப்ரல்ல குத்துச்சண்டையில ஜேக் பால்னு ஒரு யூடியூப் பையன் அவனை மொதல் ரவுண்டுலயே முடிச்சான். இப்ப கணக்குப் போடு பாப்போம்: அகிலனைவிட அஸ்க்ரென் பெரியவன், அஸ்க்ரெனைவிட யூடியூப் பையன் பெரியவன். அப்ப உலகத்துலயே பெரிய வீரக்கலை யூடியூபா? எந்தக் கலை பெருசுன்னு கேட்டா இப்படித்தான் கணக்கு வரும்.

சிரிக்கிறியே, அப்ப ஒரு மொடக்கு தண்ணி குடி. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. 2015 டிசம்பர்ல மணிலாவுல சண்டைக்கு முன்னாடி, எடை குறைக்கிறேன்னு உடம்புத் தண்ணியை வத்த வச்சு ஒரு சீனப் பையன் செத்தே போனான். யாங் ஜியான் பிங்னு பேரு, வயசு 21. அதுக்கப்புறந்தான் அந்த ஒன் சாம்பியன்ஷிப் கம்பெனி அந்த மாதிரி தண்ணியை வத்த வைக்கக் கூடாதுன்னு சட்டத்தை மாத்துச்சு. எதிராளி கை படறதுக்கு முன்னாடி தராசுகிட்ட தோத்துப்போற சண்டை என்ன சண்டைடா? 77 கிலோவுல எறங்கு. பெரியவன் அடிப்பான், அவ்வளவுதானே. குடி. தம்பி, ஒரு தே தாரேக், சீனி கொறைச்சு!

வாங்க வாத்தியாரே, வாங்க. விபூதி பலமா இருக்கு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இங்க உக்காருங்க. பேரனை நல்லாத் திட்டிட்டேன், பாருங்க தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு தண்ணி குடிக்கிறான். டேய், நீ போன்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு கேக்காத மாதிரி இரு.

இப்ப உங்க மொறை. கோவிச்சுக்கக் கூடாது.

போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில உங்க புள்ளைங்க ஆடினதைப் பாத்தேன். பந்தம் சுத்தினாங்க, சுருள்வாள் வீசினாங்க, ஒரு குட்டிப் பொண்ணு பானை மேல நின்னுக்கிட்டு ரெட்டைக் கம்பு சுத்துச்சு. கண்ணு நெறஞ்சு போச்சு. ஆனா வாத்தியாரே, அவ்வளவு நேரத்துல ஒரு தடவையாவது ஒரு புள்ளை இன்னொரு புள்ளையைத் தொட்டுச்சா? தமிழ்நாட்டுல என்னடான்னா ஆணிப் பலகை மேல நின்னு, கண்ணைக் கட்டிக்கிட்டு, மூணு மணி நேரம் கம்பு சுத்தி உலக சாதனைன்னு சான்றிதழ் வாங்குதுங்க. மூணு மணி நேரமா யாரைத் தடுத்துச்சு அந்தப் புள்ளை? கொசுவையா? டெங்கி காலத்துல அதுவும் புண்ணியந்தான், இல்லைங்கல.

அந்தக் காலத்துல நியூ வேர்ல்டு பார்க் பக்கம் போயிட்டு வந்தா எங்கப்பா ஒரு வாரம் தாராசிங்–கிங்காங் கதையாவே அளப்பார். அது பாதிக்கு மேல நாடகம்னு அவருக்கும் தெரியும். ஆனா அவங்க கூத்தைக் கூத்துன்னு டிக்கெட் போட்டு வித்தாங்க. நாம கூத்தாடிட்டு, இதுதான் போர்னு நோட்டீஸ் அடிக்கிறோம். அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம்னு ரெண்டு இருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே? அலங்காரம் கல்யாணப் பொண்ணு மாதிரி மேடையில உக்காந்திருக்கு. போர் எங்க போச்சு, சமையக்கட்டுலயா இருக்கு?

அப்புறம் இந்த வயசுக் கணக்கு. போன வருஷம் ஆண்டுவிழாவுல சிலம்பம் மூவாயிரம் வருஷம்னு பேசினீங்க. இந்த வருஷம் ஐயாயிரம்னு பேனர் வச்சிருக்கீங்க. வருஷத்துக்கு ரெண்டாயிரம் ஏறுது. யுனெஸ்கோ பட்டியல்ல ஊரு சேந்த 2008க்கு அப்புறம் ஜார்ஜ் டவுன் கடை வாடகைகூட இந்த வேகத்துல ஏறல வாத்தியாரே.

போதிதர்மரை விட்டுட்டேனே. 2011ல ‘7ஆம் அறிவு’ வந்ததுலேர்ந்து, எதுத்த கடைச் சீனத் தாத்தாவைப் பாத்தா உங்களுக்குக் கடன் கொடுத்தவன் மாதிரி ஒரு பார்வை வந்துருச்சு. குங்பூ நாங்க கொடுத்தது, வட்டி எங்கேன்னு. போதிதர்மர் ஷாவோலின்ல சண்டை சொல்லிக் கொடுத்தார்ங்கிறதுக்கு ஆதாரம்னு காட்டற தசைநாண் பயிற்சி நூலே 1624ஆம் வருஷத்துதான், அதோட பழைய முன்னுரையெல்லாம் பின்னால கட்டிவிட்டதுன்னு சீன ஆராய்ச்சிக்காரங்களே எழுதிட்டாங்க. அவரு பாவம், சுவத்தைப் பாத்து உக்காந்து தியானம் பண்ணின மனுஷன். எழுப்பிவிட்டுச் சண்டைக்கு இழுக்கிறோம். வர்மமும் அப்படித்தான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 எடம், தொட்டா ஆளு விழுவான். தொட்டுக் காட்டுங்கன்னா, ரகசியம், காட்டக் கூடாது. எங்கிட்டயுந்தான் கோடி வெள்ளி இருக்கு. ரகசியம், காட்டக் கூடாது.

கோவம் வருதா? வரட்டும். கோவம் வந்தாத்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியும்.

நம்ம தோட்டத்துல எப்படி இருந்துச்சு, நெனச்சுப் பாருங்க. விடிகாலை பால்மரம் சீவப் போகணும், ஆனாலும் ராத்திரி லயத்துக்குப் பின்னால மணல்ல அரிக்கேன் விளக்கை மாட்டிட்டு நமக்குக் கம்பு சொல்லிக் கொடுத்த பெரியவர் நிப்பார். மொதல் ஆறு மாசம் கம்பையே கையில கொடுக்கல. கால்வரிசை, கால்வரிசை, கால்வரிசை. மணல்ல வட்டம் கீறி, அந்தக் கோட்டை மிதிச்சா பிரம்பால கணுக்கால்ல ஒண்ணு. அப்புறந்தான் நெத்தி உசரத்துக்கு அளந்து கம்பு. பிரம்புக்கா பஞ்சம்? மலாக்காப் பிரம்புன்னு வெள்ளைக்காரன் கைத்தடிக்கு அலையற சாமான் நமக்குக் காட்டுக்குள்ள சும்மா கெடந்துச்சு.

திருவிழா ராத்திரி என்ன நடக்கும்? கம்பு நுனியில துணியைச் சுத்தி, மாவுல தொட்டுக்கிட்டு ரெண்டு பேர் எறங்குவான். மேல மாவு பட்டா பொட்டு. கால்ல வச்சா ஒரு கணக்கு, நெஞ்சுல வச்சா ஒரு கணக்கு, நெத்தியில வச்சுட்டா ஆட்டமே முடிஞ்சுது. யாரும் வாயால பீத்திக்க முடியாது. சட்டையே சாட்சி சொல்லும். எனக்கு நீங்க வச்ச பொட்டையெல்லாம் எங்கம்மா மறுநாள் தொவைச்சிட்டே எண்ணுவா. இந்தச் சுண்டுவிரல் பாருங்க, அன்னைக்கு நீங்க அடிச்சது, இன்னும் நிமிரல. சீவுற கத்தியை நான் கோணலாப் புடிக்கிறேன்னு கிராணிகிட்ட முப்பது வருஷம் திட்டு வாங்கினது உங்களாலதான். நான் ஒரு நாள் வருத்தப்பட்டிருக்கேனா? எவன் கேட்டாலும் விரலை நீட்டி, இது வாத்தியார் கொடுத்ததுன்னு சொல்றேன்.

அதான் வாத்தியாரே போயிடுச்சு. கம்பு இருக்கு, வீச்சு இருக்கு, சீருடை இருக்கு, திருப்பி அடிக்க எதுத்தாப்ல ஆளு இல்ல. சரவாக்கு சுக்மா விளையாட்டுப் போட்டியில சிலம்பத்தைச் சேக்கலைன்னு பேச்சு வந்தப்ப நீங்க கையெழுத்து வாங்கிட்டு அலைஞ்சீங்க, நானும் போட்டேன். நம்ம உரிமை, கேக்கத்தான் வேணும். ஆனா உங்க வகுப்புல தொடுமுறைக்கு, அதான் தலைக்கவசம் போட்டு நேரா மோதறதுக்கு, எத்தனை புள்ளைங்க பேரு கொடுத்துச்சு? நாலு. அலங்கார வீச்சுக்கு? நாப்பது. அந்த நாப்பதோட அப்பா அம்மாவும், என் புள்ளை மேல அடி படக் கூடாது, ஆனா வீரம் வரணும்ங்கிறாங்க. மழையில நனையாம நீச்சல் கத்துக்கொடுங்கங்கிற மாதிரி.

இவன் கூண்டுல எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான். அங்கயும் சட்டம் இருக்கு, வேஷம் இருக்கு, வாய்ச்சவடால் நம்மளைவிட ஜாஸ்தி. ஆனா எதுத்தாப்ல ஒருத்தன் இருக்கான், அவன் ஒத்துழைக்க மாட்டான். நம்ம பொட்டு ஆட்டத்துலயும் அவன் இருந்தான். நாமதான் வெளிய அனுப்பிட்டோம். ஆ கீ தெருச் சுவத்துல ப்ரூஸ் லீ பூனையை உதைக்கிற மாதிரி ஒரு படம் வரைஞ்சிருக்கான் பாருங்க, வர்றவன் போறவன் எல்லாம் நின்னு போட்டோ எடுக்கிறான். நம்ம கம்பும் அந்த மாதிரி சுவத்துல ஏறி உக்காந்துக்கிட்டு வருது. அந்த ப்ரூஸ் லீயே 1973ல ‘எண்டர் த டிராகன்’ல மொதல் சண்டையில விரல் தெரியற கிளவுஸ் மாட்டி, கடைசியில கையை மடக்கிப் பூட்டறார். இவனுங்க இன்னைக்குப் பண்றது அதேதான். எங்க நல்லது கெடைச்சாலும் எடுத்துக்கிட்டார் அவரு.

என்னடா, போனைக் கீழ வச்சுட்டே? என்ன சொன்னே? கம்புக்காரன் முன்னால நிக்க நீ தயாரா? வாத்தியாரே, கேட்டீங்களா? உங்க கம்பு ஸ்கூட்டர்லதானே இருக்கு? தம்பி, ரொட்டிக்கு வச்சிருக்கிற கோதுமை மாவுல ஒரு கிண்ணம் கொடு. பெசைஞ்சது இல்லப்பா, காஞ்ச மாவு. காசு அப்புறம். நடங்க பாடாங் கோத்தாவுக்கு, வெயிலும் தாழ்ந்துருச்சு.

இந்தப் புல்லு போதும், விழுந்தாலும் எலும்பு தப்பிக்கும். பேராண்டி, உன் மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்க. வாத்தியாரே, தடிக் கம்பு வேணாம், அந்த மெல்லிசுப் பிரம்பு. துணியை நல்லா இறுக்கிக் கட்டுங்க. சட்டம் ஒண்ணுதான்: உங்க பொட்டு அவன் மேல விழணும், அவன் கை உங்களைப் புடிக்கணும். நான்தான் நடுவர். கடிக்கிறதுக்கு அனுமதி இல்ல, உன் பாட்டி இங்க இல்லாததால. டேய், மொதல்ல மண்ணைத் தொட்டு வணக்கம் போடு. உன் கூண்டுல கிளவுஸைத் தொட்டுக்கறீங்கல்ல, அதேதான்.

ம், எறங்குங்க.

ஒண்ணு. தோள்ல. ரெண்டு. முட்டியில. ஏன்டா கம்பு நுனியைப் பாக்கறே? நுனி பொய் சொல்லும், அவர் மணிக்கட்டைப் பாரு. மூணு. நாலு. ஹெல்மெட்டு கண்ணாடியில, நடு நெத்தி! சட்டப்படி நீ செத்துட்டே, பரவால்ல நில்லு. அஞ்சு. வாத்தியாரே, மூச்சு வாங்குதே, இதுக்குத்தான் ஆணி மேல நின்னு சுத்த விடறதுக்குப் பதிலா ஓட விடுங்கன்னேன். ஆறு. பேராண்டி, தள்ளி நின்னா அடிதான், கம்போட வேகமெல்லாம் நுனியில இருக்கு, கைப்பிடிகிட்ட ஒண்ணுமில்ல, உள்ள போ! ஏழு. வாத்தியாரே, நேரா பின்வாங்காதீங்க, கோணத்துல, கோணத்துல, கால்வரிசை எங்க போச்சு? எட்டு. ஒம்போது. அடப்பாவி, உள்ள போயிட்டான்! இடுப்பைப் புடிச்சுட்டான்! மெதுவாடா, அறுபத்தெட்டு வயசு மனுஷன்! கம்பை விடுங்க வாத்தியாரே, கம்பை விட்டுட்டு அவன் முதுகுல தட்டுங்க, தட்டினா விட்டுருவான், அதான் அவங்க சட்டம். என்னது, தட்ட மாட்டீங்களா? டேய், நீ விடு. சிரிக்கிறாரு பாரு, புல்லுல மல்லாந்து கெடந்துக்கிட்டு சிரிக்கிறாரு.

எத்தனை பொட்டுன்னா கேக்கறீங்க? ஒம்போது. அவன் சட்டையைப் பாருங்க, இட்லித் துணி மாதிரி இருக்கு. என்ன, இன்னொரு ஆட்டமா? உனக்குமாடா? கிண்ணத்துல மாவு தீந்துபோச்சே. சரி, இருங்க, நான் கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஆரம்பிச்சுடாதீங்க.